ஆட்டி எடுத்த படம்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஊரே இதைச் சொல்லும், நானும் மறுத்ததில்லை. இடி என்றால் பயம், நாய் என்றால் பயம், பாம்பு என்று யாராவது சும்மா சொன்னாலே காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வேன். நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோ பழவேற்காடு கடைத்தெருவில் இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒல்லாந்தர் கல்லறை. அதன் வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறான் எவனோ ஒரு புண்ணியவான். வெளியூர்க்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நானோ அத்தனை வருஷமும் அந்தப் பக்கம் வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தவள்.

ஆனாலும் அந்த ஒரு வாரம் நான் பட்ட பயம் வேறு. அதற்கு முன்னால் பட்டதெல்லாம் விளையாட்டு.

எங்கள் குப்பத்தில் கண் பார்வைதான் பாதிப் பிழைப்பு. கரையில் நிற்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஏரியில் வருகிற படகு புள்ளியாகத் தெரியும்போதே, அது நம்ப ஊட்டுது, இது அவ புருசன் என்று சொல்லிவிடுவார்கள். அவ்வளவு தூரத்தில் முகமா தெரியும்? ஒருத்தன் கோல் ஊன்றுகிற விதம், லுங்கியை மடித்துக் கட்டுகிற உயரம், நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுகிறான், அதுதான் கணக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. காத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குத் தானாக வந்துவிடும். எங்கள் ஊர்த் தலைவர் இதில் எல்லோருக்கும் மேலே. மூடுபனியில்கூட ஆள் சொல்வார். அவரை நான் பெரிப்பா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் தூரம், பயம் கிட்டே.

எனக்கு மட்டும் அந்தக் கண் வாய்க்கவில்லை. பிறவியிலேயே கிட்டப்பார்வை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கண்டுபிடித்துக் கண்ணாடி வாங்கித் தரச் சொல்லும் வரைக்கும், ஏரி என்பது எனக்கு நீளநீளமாகக் கலர் பூசிய ஒரு சுவர். நைனாவும் அண்ணனும் நிற்கிற படகுக்கும் வலை கட்ட நட்டு வைத்த கம்புக்கும் வித்தியாசம் தெரியாது. கண்ணாடி வந்த பிறகும் தூரம் எனக்குக் கைகூடவில்லை. "ஏ சோடாபுட்டி, யாரு வர்றாங்க சொல்லு பாப்போம்" என்று பெண்கள் சீண்டுவார்கள். நான் வாய்க்கு வந்த பேரைச் சொல்வேன். கரையே சிரிக்கும்.

அந்தச் சுவர்தான் பிறகு எனக்குப் படமாக வந்தது. கேமராவை ஆடாமல் பிடிப்பதுதான் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் "அசையாதீங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது. ஒரு நாள் காலை ஷேர் ஆட்டோ பாலத்தின் மேல் போகும்போது, சும்மா இருக்க முடியாமல் கேமராவை வெளியே நீட்டி அழுத்தினேன். முந்தின நாள் இருட்டில் எடுப்பதற்காக ஷட்டரை மெதுவாக வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. பார்த்தால், எல்லாம் கலங்கி இழுபட்டு, கண்ணாடி போடாத காலத்து என் ஏரி அந்தச் சின்னத் திரையில் நிற்கிறது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தொலைந்துபோன ஒரு சாமான் திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

அதற்கப்புறம் வேண்டுமென்றே ஆட்டி எடுக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு பழக்கம் வேண்டும். அழுத்துவதற்கு முன்பே கை நகர ஆரம்பித்திருக்க வேண்டும். அழுத்தி முடிந்த பிறகும் நிறுத்தக் கூடாது. நடுவில் தயங்கினால் அந்தத் தயக்கமும் படத்தில் விழுந்துவிடும். பக்கவாட்டில் இழுத்தால் ஏரி நாடா நாடாவாகப் பிரியும். மேலிருந்து கீழே இழுத்தால் நிற்கிறதெல்லாம் கோடாக நீளும். பனைமரமானாலும் கலங்கரை விளக்கமானாலும் மனுஷனானாலும் ஒரே மாதிரிதான். எடுத்ததில் முக்கால்வாசி குப்பைக்குப் போகும். மீதியைப் பார்த்தால் மனசு அடங்கிப்போகும்.

ஸ்டுடியோ முதலாளி பாய், ஒரு காலத்தில் கப்பலில் துணி ஏற்றி அனுப்பிய குடும்பத்தில் வந்தவர். இப்போது கையில் இருப்பது இந்த ஒரு கடைதான். ஆனால் அவர் பேச்சை விட்டுக் கப்பல் போகவில்லை. "இன்னாம்மா, ஊரே கை ஆடாம எடுக்கக் கத்துக்கினு வருது, நீ ஆட்டிப் படம் எடுத்துக்கினு கீறே? கஸ்டமர் பாத்தா கடைய சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்" என்பார். சொல்லிவிட்டு அவரே ரகசியமாக ஒவ்வொரு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்.

எனக்கு அந்தப் படங்களில் பிடித்ததே, ஒருத்தர் முகமும் தெரியாது என்பதுதான். கண்ணு மூடியிருக்கு, மூக்கு பெருசா விழுந்திருக்கு என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. பயந்தாங்கொள்ளிக்கு ஏற்ற படம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

தலைவர் வீட்டம்மா இறந்துபோனது ஒரு சாயங்காலம். மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஒரே மகள். அவள் அதற்கு முந்தின வருஷம் ஆரம்பாக்கம் பக்கத்துப் பையன் ஒருவனோடு போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டுவிட்டாள். பையன் எங்கள் ஜாதி இல்லை. தலைவர் கோயில் வாசலில் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "அவ காலு இந்தக் கரைல படக் கூடாது. அவள இட்டுக்கினு வர்றவன் எவனா இருந்தாலும், அவனும் இந்த ஊரு இல்ல." சொன்னபோது அவர் குரல் ஒரு இடத்தில்கூடப் பிசிறவில்லை. நான் கூட்டத்தின் கடைசியில் நின்று நடுங்கினேன், ஏதோ நான்தான் ஓடிப்போனவள் போல.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால், எடுத்து முடிக்கிற வரைக்கும் ஒரு வலை தண்ணியில் இறங்காது. ஒரு படகு கயிறு அவிழாது. ஏரி முழுக்க வெறிச்சென்று கிடக்கும். அதை மீறினால் செத்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு மன்னிப்பு லேசில் கிடைக்காது.

இறந்தவரைக் கடைசியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் வழக்கம். அதற்கு எங்கள் ஸ்டுடியோவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். சொந்த ஊர் என்பதால் நானே போக வேண்டியதாயிற்று. கூட்டம் சேர்வதற்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று விடியக்காலையிலேயே போனேன். ஏரியைப் பார்த்த மாதிரி பந்தல் போட்டு, டியூப் லைட் கட்டி, வெள்ளைத் துணி போர்த்தி அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் காசு. தலைவர் தலைமாட்டில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமராவை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, அசையாமல் எடுத்தேன். எத்தனையோ தடவை எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிய அம்மா. கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

எடுத்து முடித்ததுதான் தாமதம், கை உதற ஆரம்பித்துவிட்டது. பந்தலை விட்டு வெளியே வந்து, ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். லேசாகப் பனி. எதிரே ஏரி. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கை நடுங்குகிறதுதானே, அதையே பயன்படுத்துவோம் என்று கேமராவைத் தூக்கி மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று இழுத்து இழுத்து எடுத்தேன். எடுக்க எடுக்கப் பயம் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் எதையும் பார்த்து எடுக்கவில்லை. கண்ணாடி வேறு பனியில் நனைந்திருந்தது.

அதில் ஒரு படம் நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினை. மேலே சாம்பல், கீழே ஈயக் கலர், இரண்டும் எங்கே சேர்கிறது என்று தெரியாது. நடுவில் கறுப்பாகச் சாய்ந்தாற்போல ஒரு கோடு. கோட்டின் அடியில் ஆரஞ்சுக் கலரில் ஒரு கறை வழிந்து இறங்கியிருந்தது. கோடு, நட்டு வைத்த கம்பு என்று நினைத்தேன். ஆரஞ்சு, சூரியன் எட்டிப் பார்த்த வெளிச்சம் என்று நினைத்தேன். சோடாபுட்டிக்கு வேறு என்ன தெரியும்?

கொஞ்ச நாள் போனது. ஃபிளமிங்கோ பறவை பார்க்க வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் மெமரி கார்டு வாங்கக் கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஒரு தனிமை!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பாய்க்கு உடனே குஷி ஏறிவிட்டது. அடுத்த நாளே அதைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடை முகப்பில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் மாட்டிவிட்டார். "ஆட்டிப் படம் இல்லம்மா இது, ஆர்ட்டு!" என்றார். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? அன்றைக்குத் தெருவில் இறங்கி நின்று நானே நாலைந்து தடவை பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் ஊர் மீன்காரம்மா ஒருத்தி கூடையோடு கடையைத் தாண்டிப் போனாள். போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தையே பார்த்தாள்.

"ஏண்டி, உங்கண்ணன் எதுக்கு அன்னிக்கு ஏரிக்குப் போனான்?"

"என்னிக்கு?"

"தலைவரூட்டம்மா செத்த அன்னிக்கு."

"இதுல எங்கண்ணன் எங்க கீறான்? அது கம்பு" என்றேன்.

"கம்பா? நீ இன்னும் மாறவே இல்லடி. இடது தோள எறக்கி, ஒரு முட்டிய மடிச்சிக்கினு கோலு ஊனுறவன் இந்த ஏரியிலயே உங்கண்ணன் ஒருத்தன்தான்."

"சரி, அவன்தான்னு வச்சிக்கோ. அன்னிக்குத்தான்னு எப்டிச் சொல்றே?"

"ஏரி காலியா கீதே! வேற ஒரு படகு இருக்குதா பாரு. புயலா அடிக்குது? வானம் கறுக்கக்கூட இல்லியே. சாவு விழுந்தாத்தான் ஏரி இப்டிக் கெடக்கும்." அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். "செத்த ஊட்டுக்கு முன்னாடியே வல போட்டானா? அடப்பாவி!"

மெட்ராஸ்காரர் தனிமை என்று சொன்ன அதே காலி ஏரி. எங்கள் ஊர்க்காரிக்கு அது தேதி.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த நிமிஷமே படத்தைக் கழற்றினேன். பாய் ஒன்றும் புரியாமல் பார்த்தார். சொன்னேன். அவர் முகமும் வெளிறிப்போயிற்று. "யா அல்லா! கண்ணா அது, இல்ல வேற எதுனாவா?" என்று மீன்காரம்மா போன திசையைப் பார்த்தார். படத்தைக் கழற்றி என்ன பயன்? வெறும் ஆணியைப் பார்த்தே இன்னும் நாலு பேர் கேட்பார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தெருவில் யாரும் என்னைச் சீண்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நிறைமாதம். இன்றோ நாளையோ என்று இருந்தது.

"வல போட்டியாண்ணா?" என்றேன்.

"இல்ல."

"அப்பால எதுக்குப் போனே?"

அவன் பீடியைத் தரையில் அழுத்தி அணைத்தான். அண்ணிதான் கேட்டாள்: "படத்துல கோடு மட்டும்தான் கீதா? வேற இன்னா கீது?"

நான் ஆரஞ்சுக் கறையைச் சொன்னேன். சூரிய வெளிச்சம் என்றேன். அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அது வெளிச்சம் இல்ல" என்றான் அண்ணன். "அது அவ புடவ."

தலைவர் மகளும் அண்ணியும் சிறு வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். அம்மா செத்த செய்தி கேட்டு அவள் அண்ணிக்குத்தான் போன் பண்ணி அழுதிருக்கிறாள். அண்ணி அண்ணனை விரட்டியிருக்கிறாள்: போய் இட்டுக்கினு வா, கரைல கால் வைக்க வேணாம், படகுலயே குந்திக்கினு பாத்துட்டுப் போவட்டும். அண்ணன் இருட்டோடு கிளம்பி ஏரியின் மேல்கரைக்குப் போய் அவளை ஏற்றி வந்து, பந்தலுக்கு நேரே தூரத்தில் படகை நிறுத்தியிருக்கிறான். பந்தலில் லைட் வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு வெளியே இருட்டும் பனியும்தான் தெரியும். படகு தெரியாது. யாரும் பார்க்கவில்லை. ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் கை நடுங்கிக்கொண்டு நின்ற என்னைத் தவிர. நானும் பார்க்கவில்லை, கேமராதான் பார்த்தது.

"அவ அம்மாவப் பாத்தாளா?" என்றேன்.

"இன்னா பாத்தா? வெள்ளத் துணிதான் தெரிஞ்சிது. மொகம் தெரியலண்ணா, மொகம் தெரியலண்ணான்னு திரும்பிப் போற வரைக்கும் அழுதுக்கினே வந்தா."

அண்ணன் ஒரு முடிவோடு இருந்தான். ஊர் கூடிக் கேட்டால், வலை போட்டேன் என்று ஒத்துக்கொள்வது. காலில் விழுவது. அந்தக் குற்றத்துக்கு ஒருவேளை மன்னிப்பு உண்டு. அவளைக் கூட்டி வந்தேன் என்று தெரிந்தால் மன்னிப்புக்கு இடமே இல்லை. தலைவர் வாயால் சொன்னது சொன்னதுதான், ஊரை விட்டுத் தள்ளிவிடுவார்கள். தள்ளி வைப்பது என்றால் என்ன என்று நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கடையில் உப்பு கிடைக்காது. படகைத் தள்ள ஒரு கை கூட வராது. ராத்திரியில் அண்ணிக்கு வலி எடுத்தால், ஆட்டோ ஓட்டுகிறவனும் எங்கள் ஊர்க்காரன்தான், வரமாட்டான். பிரசவம் பார்க்கிற பொம்பளைகளும் கதவைத் திறக்க மாட்டார்கள். நான் அண்ணியின் வயிற்றைப் பார்த்தேன்.

"படத்த ஒடச்சிடட்டுமா? தண்ணில போட்டுடட்டுமா?"

"ஒடச்சா இன்னும் சந்தேகம்" என்றான். "அவரு ஆரஞ்சப் பாக்காம இருந்தா சரி."

அவர் பார்க்காமல் இருப்பதா? பனியில் படகைப் பார்த்து ஆள் சொல்கிற மனுஷன், பெற்ற மகளைப் பார்க்காமல் இருப்பாரா?

மறுநாள் சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது. படத்தைக் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. பழைய போர்வையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனேன். வழியெல்லாம் தெரிந்த சாமி, தெரியாத சாமி அத்தனையையும் கூப்பிட்டேன். பாய் சொல்கிற சாமியையும் விடவில்லை. கால் மணலில் புதையப் புதைய, கீழே விழுந்து படம் உடைந்துவிடாதா என்று ஒரு ஆசை வேறு. நான் விழவே இல்லை. விழ வேண்டிய நேரத்தில் விழத் துப்பில்லை.

படம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒவ்வொருத்தரும் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்கள். யாரும் ஆரஞ்சைப் பற்றிப் பேசவில்லை, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தலைவர் கைக்கு வந்தது. அவர் மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய கட்டைவிரல் கோட்டின் மேலே இருந்தது. மெதுவாகக் கீழே இறங்கியது. ஆரஞ்சின் மேல் வந்து நின்றது. அங்கேயே நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அண்ணி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பப் பயந்து, தரையைப் பார்த்தேன்.

"இதுல ஒண்ணும் தெரியலியே" என்றார் தலைவர்.

வயசானவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "தலைவரே, அந்தத் தோளு எறங்கி இருக்குற விதம்..."

"ஒனக்கு மொகம் தெரியுதா?"

"மொகம்... தெரியல."

"மொகம் தெரியாம ஆளச் சொல்லலாமா?"

வாழ்நாள் முழுக்க முகம் தெரியாமல் ஆள் சொன்ன மனுஷன் கேட்கிறார்! மீன்காரம்மா வாயைத் திறந்தாள், அப்படியே மூடிக்கொண்டாள். தலைவர் அண்ணனைப் பார்த்தார்.

"அன்னிக்கு வல போட்டியாடா?"

அண்ணன் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் முடிவு பண்ணி வைத்திருந்தானோ, அது வாயில் வரவில்லை. "இல்ல பெரிப்பா" என்றான்.

"அவ்ளோதான். எழுந்து போங்க எல்லாரும்."

எல்லோரும் போனார்கள். படத்தை அவர் தரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போர்வையைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் அண்ணன் விழுந்து தூங்கினான். எனக்கு அதற்கப்புறம்தான் பயம் அதிகமாயிற்று. ஊர் முன்னால் சொல்லாமல் விட்டதை அவர் எப்போது சொல்வார்? எப்படிச் சொல்வார்? அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைவர் வந்து பார்க்கவில்லை. ஊரே வந்தது, அவர் வரவில்லை. படகுச் சத்தம் கேட்டாலும், கதவு தட்டினாலும், யாராவது அண்ணன் பேரைக் கூப்பிட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டிப் படம் எடுப்பதை விட்டேன்.

அவர் கடைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். போர்வையில் சுற்றிய படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"பெரிப்பா" என்று எழுந்தேன்.

படத்தைக் கவுன்டரின் மேல் வைத்துப் பிரித்தார். ஆரஞ்சு இருந்த இடத்தில் கண்ணாடியெல்லாம் விரல் தடம். துடைத்து, மறுபடி வைத்து, துடைத்து, மறுபடி வைத்த தடம்.

"இத்த மட்டும் பெருசு பண்ணிக் குடு" என்றார். "மொகம் தெரியிற மாறி."

அந்த நிமிஷம் எனக்குப் பயமா, வேறு ஏதாவதா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. "பெருசு பண்ணா வெறும் கலர்தான் பெருசாகும் பெரிப்பா. இதுல மொகம் இல்ல. நான் கேமராவ ஆட்டிட்டேன்."

"எதுக்கு ஆட்டுன?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் எத்தனையோ பதில் உண்டு. ஒன்றும் சொல்லக் கூடியதாக இல்லை. "பயமா இருந்துச்சு" என்றேன்.

அவர் தலையாட்டினார். பாஸ்போர்ட் படத்துக்குப் போட்டிருக்கும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். "அன்னிக்கு ஆட்டாம எடுத்தது ஒண்ணுகூடவா இல்ல?"

கம்ப்யூட்டரில் அந்த நாளைத் திறந்து தேடினேன். கோடு, கறை, கோடு, கறை. எல்லாம் ஆட்டியது. தள்ளித் தள்ளி முன்னால் போனபோது சட்டென்று வந்து நின்றது ஒரே ஒரு அசையாத படம். அம்மாவின் முகம். நெற்றிக் காசு, மூக்குத்தி, உதட்டோரச் சுருக்கம் வரைக்கும் துல்லியமாக.

அவர் எழுந்து வந்து திரையின் பக்கத்தில் நின்றார். அவருடைய மூச்சு என் காதுக்குக் கேட்டது.

"அவ பாத்தாளா?" என்றார்.

"இல்ல பெரிப்பா. வெள்ளத் துணிதான் தெரிஞ்சிச்சாம். மொகம் தெரியலன்னு அழுதாளாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. யார் சொன்னது, யார் பக்கத்தில் அழுதாள், அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஊர் கூடிக் கேட்டும் வெளியே வராததை என் வாயாலேயே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டேன். அண்ணனும் அண்ணியும் கைக்குழந்தையும் கண் முன்னால் வந்து நின்றார்கள். கவுன்டரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.

பிரிண்டரை ஓடவிட்டேன். படம் மெதுவாக வெளியே வந்தது. முதலில் காசு, அப்புறம் மூடிய கண், அப்புறம் மூக்குத்தி. ஓரத்தைப் பிடித்து எடுத்து, காயட்டும் என்று கொஞ்சம் ஊதி, அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கில்ல" என்றார். "உங்கண்ணன்கிட்ட குடு. அவனுக்கு வழி தெரியும்."